எழுத்து சொல்லிக்குடுத்தா ஐம்பது சவுக்கடி: டேனியல் பெய்ன் பத்தி தெரிஞ்சவங்க வாங்க

திண்ணைவாசி:
மொதல்ல ஒரு சட்டத்தை சொல்லிடறேன், ஆளைப் பத்தி அப்புறம். 1834 டிசம்பர்ல அமெரிக்காவுல சவுத் கரோலினா மாநிலத்துல பாஸ் பண்ணது, 1835 ஏப்ரல் 1ல இருந்து அமல். அடிமையா இருக்கற ஒருத்தருக்கு எழுதப் படிக்க சொல்லிக்குடுத்தா குத்தம். சொல்லிக்குடுத்தவர் வெள்ளைக்காரர்னா 100 டாலர் வரைக்கும் ஃபைன், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அடிமை இல்லாத கறுப்பினத்தவர்னா 50 டாலர் வரைக்கும் ஃபைன், அதோட 50 சவுக்கடி வரைக்கும். காட்டிக்குடுக்கறவனுக்கு ஃபைன்ல பாதி. அதோட விட்டாங்களான்னா இல்ல, கறுப்பினத்தவங்க யாரும் பள்ளிக்கூடமே நடத்தக்கூடாது, சுதந்திரமா பொறந்த பிள்ளைங்களுக்காகக்கூட நடத்தக்கூடாதுன்னும் அதே சட்டத்துல சேத்துட்டாங்க.

அப்படி மூடுன பள்ளிக்கூடத்துல ஒண்ணு சார்லஸ்டன் ஊர்ல இருந்துச்சு, கிட்டத்தட்ட 60 பிள்ளைங்க படிச்சிட்டு இருந்தாங்க. நடத்துன வாத்தியாருக்கு வயசு 24. பேரு டேனியல் அலெக்சாண்டர் பெய்ன். பின்னாடி போதகர் ஆனாரு, பிஷப் ஆனாரு, அமெரிக்காவுல ஒரு காலேஜுக்கு தலைவரா உக்காந்த முதல் கறுப்பினத்தவர் ஆனாரு. ஆனா எனக்கு அவரு எப்பவும் அந்த 24 வயசு வாத்தியாராத்தான் தெரியறாரு.

1811ல சார்லஸ்டன்ல பொறந்தவரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமை இல்ல, சுதந்திரமானவங்க, ஆனா இவருக்கு பத்து வயசு ஆகறதுக்குள்ள ரெண்டு பேரும் செத்துப் போயிட்டாங்க. சொந்தக்காரங்க வளத்தாங்க. கொஞ்ச காலம் பள்ளிக்கூடம், அப்புறம் தச்சுப் பட்டறையில நாலரை வருஷம், தையல் கடையில கொஞ்ச மாசம். பகல்ல இழைப்புளி தள்ளிட்டு ராத்திரி படிப்பு, படுக்கைக்குப் பக்கத்துலயே சக்கிமுக்கிக் கல்லும் மெழுகுவத்தியும் வெச்சுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி நாலு மணிக்கு எந்திரிச்சு மறுபடி படிப்பு. இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் பண்ணியிருக்காரு, கிரேக்கம் லத்தீன் எல்லாம் தானாவே தட்டுத்தடுமாறி கத்துக்கிட்டாரு.

1829ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சப்ப மூணு பிள்ளைங்க, ராத்திரி வகுப்புக்கு வயசுவந்த மூணு அடிமைங்க. ஆளுக்கு மாசம் அரை டாலர், மொத்த வருமானம் மூணு டாலர். அது சாப்பாட்டுக்கே பத்தல, ஒரு அடிமைப் பெண்தான் பல சமயம் கைகுடுத்திருக்காங்க.

கடலோரக்காற்று:
அண்ணே ஒரு சந்தேகம். அடிமை முறை இருந்த ஊர்லயே அடிமை இல்லாத கறுப்பினத்தவங்களும் இருந்தாங்களா? அவங்களுக்கு என்ன உரிமை இருந்துச்சு? இவருக்கு அங்க இருந்து கிளம்பிப் போகணும்னு தோணவே இல்லையா?

திண்ணைவாசி:
இருந்தாங்க தம்பி, சார்லஸ்டன்ல நெறைய பேரு, தச்சர், தையல்காரர், முடிவெட்டறவர்னு கைத்தொழில் செஞ்சு பொழச்சாங்க. ஆனா ஓட்டு கிடையாது, வெள்ளைக்காரனுக்கு எதிரா கோர்ட்ல சாட்சி சொல்ல முடியாது. 1822ல டென்மார்க் வெசிங்கற ஒரு தச்சர், அவரும் காசு குடுத்து விடுதலை வாங்குனவர்தான், அடிமைங்களைத் திரட்டி கலகத்துக்கு ஏற்பாடு பண்ணாருன்னு சொல்லி அவரோட சேத்து 35 பேரைத் தூக்குல போட்டாங்க. பெய்னுக்கு அப்ப 11 வயசு. அதே ஊர், அதே தெருக்கள். அதுக்கப்புறம் எழுதப் படிக்கத் தெரிஞ்ச கறுப்பினத்தவர்னாலே முதலாளிங்களுக்கு பயம்.

கிளம்பிப் போகணும்னு தோணுச்சான்னா, தோணுச்சு. மூணு டாலர்ல ஒரு வருஷம் தள்ளிப் பாத்துட்டு, வெஸ்ட் இண்டீஸ் போற ஒரு பணக்கார முதலாளிகூட வேலைக்குப் போயிடலாம்னு பேசப் போறாரு. அந்த முதலாளி ஆசை காட்டறதுக்காக பேசிட்டே இருந்தவன், எஜமானுக்கும் அடிமைக்கும் என்ன வித்தியாசம்னு தெரியுமா, அறிவு ஒண்ணுதான்னு சொல்லிட்டான். அவன் வேற எதுக்கோ சொன்னது. பெய்ன் அதைக் கேட்டுட்டு, அப்படின்னா நான் அதைத்தான் தேடணும்னு வீட்டுக்கு வந்து மறுபடி பள்ளிக்கூடத்தைத் திறந்துட்டாரு. அடிமை வெச்சிருந்தவன் வாயாலயே அவங்க பூட்டோட சாவி எதுன்னு தெரிஞ்சுகிட்டாரு, எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படிச்சாலும் உடம்பு சிலிர்க்கும்.

நெய்தல் டீச்சர்:
நான் அரசுப் பள்ளியில 22 வருஷமா அறிவியல் எடுக்கறேன், அதனால எனக்கு இவர்கிட்ட பிடிச்ச விஷயமே வேற. இவர் தன்னோட வாழ்க்கை நினைவுகளை 1888ல புத்தகமா எழுதியிருக்காரு, அதுல அந்த சார்லஸ்டன் பள்ளிக்கூட நாட்களைப் படிச்சுப் பாருங்க. விலங்கியல் சொல்லித்தர யாரும் இல்ல, லேப் கிடையாது. என்ன பண்றாரு, உயிரோட ஒரு முதலைய விலைக்கு வாங்கறாரு, ஒரு மாணவனை விட்டு அதைச் சீண்டச் சொல்லி, அது வாயைத் திறக்கறப்ப சின்னத் துப்பாக்கியால சுட்டு, அப்புறம் அதோட நெஞ்சைக் கீறித் தொங்கவிட்டு உள்ளுறுப்பு எல்லாம் அசைவு நிக்கற வரைக்கும் உக்காந்து பாத்திருக்காரு. இன்னிக்கு நான் வகுப்புல இப்படிச் செய்ய மாட்டேன், செய்யவும் கூடாது, ஆனா அந்த அறிவுப் பசி இருக்கே! பிடிச்ச உயிரினங்களை எல்லாம் சமைச்சு ருசியும் பாத்திருக்காரு, தேரையும் பாம்பும் மட்டும் வேணாம்னு விட்டிருக்காரு. ஒரு சூரிய கிரகணத்தை ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் வெறும் கண்ணால பாத்துட்டு மூணு வாரம் புத்தகம் படிக்க முடியாம இருந்திருக்காரு, பக்கத்தைத் திறந்தா கருப்பாத்தான் தெரிஞ்சுதாம். கண் கோளாறு அவரை அப்புறமும் விடல.

அந்த சட்டம் வந்த கதையிலயும் அறிவியல் இருக்கு. பாடத்துக்கு ஒரு பாம்பு வேணும்னு மூணு பசங்களை ஒரு தோட்டத்துக்கு அனுப்பறாரு. அந்தத் தோட்டம் லயனல் கென்னடிங்கற வக்கீலோடது, வெசி வழக்குல தீர்ப்பு சொன்ன நீதிபதிங்கள்ல ஒருத்தர். அவரும் அவர் மகனும் பசங்களைக் கூப்பிட்டு உங்க வாத்தியார் என்னென்ன சொல்லித்தர்றாருன்னு ஒவ்வொண்ணா விசாரிக்கறாங்க. பசங்க பட்டு பட்டுன்னு பதில் சொல்லியிருக்காங்க. மகன் அதிர்ந்து போயி அப்பாகிட்ட, இந்த பெய்ன் சார்லஸ்டன்ல பெரிய ஆட்டம்ல ஆடறான்னு சொல்றான். அதுக்கு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சட்டசபையில அந்த மசோதா வந்துச்சுன்னு பெய்ன் எழுதறாரு. நல்லா பதில் சொன்ன பிள்ளைங்களாலயே பள்ளிக்கூடம் போச்சுன்னு படிச்சப்ப நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், அன்னிக்கு மேல படிக்க முடியல.

சர்ச்தெரு:
டீச்சர் அருமை. நான் சபை பக்கத்து கதையை சொல்றேன், ஏன்னா இவரைப் பத்தி பேசறவங்க பாதி பேரு இவர் லூத்தரன் சபையோட செமினரில, அதாவது போதகருங்களுக்கான கல்லூரில, படிச்சவர்ங்கறதையே விட்டுடறாங்க.

1835 மே 9ல சார்லஸ்டனை விட்டு கப்பல் ஏறுனாரு. பள்ளிக்கூடத்துக்கு விடை குடுத்து ஒரு கவிதையும் எழுதியிருக்காரு. வடக்க போனதும் படிப்புக்கு வழி தேடறப்ப, லைபீரியாவுக்கு மிஷனரியா போறதுன்னா நாங்க படிக்க வைக்கிறோம்னு ஒரு பக்கம் ஆசை காட்டுனாங்க. கறுப்பினத்தவங்களை ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிடணுங்கறது அப்ப பெரிய இயக்கம். இவர் மாட்டேன்னுட்டாரு, என் ஜனங்க இங்க இருக்காங்கன்னு. கடைசில பென்சில்வேனியாவுல கெட்டிஸ்பர்க் லூத்தரன் செமினரில சேந்தாரு, ஆமா 1863ல உள்நாட்டுப் போர்ல பெரும் சண்டை நடந்த அதே கெட்டிஸ்பர்க்தான், அந்த செமினரி கட்டடத்து உச்சியில நின்னுதான் ராணுவத்துக்காரங்க எதிரி படையைப் பாத்தாங்க. சாமுவேல் ஷ்மக்கர்ங்கற பேராசிரியர் இவருக்கு பெரிய ஆதரவு. கண்ணு கெட்டுப் போனதால படிப்பை முடிக்க முடியல. ஆனாலும் 1839ல நியூயார்க் பக்கம் ஃபிராங்கியன் சினட்டுங்கற லூத்தரன் அமைப்பு இவரை குருவா அபிஷேகம் பண்ணுச்சு.

அந்த வருஷம் அங்க பேசுன பேச்சு முக்கியம். நான் அடிமை முறையை எதிர்க்கறது அது கறுப்பனை அடிமையாக்குதுன்னு இல்ல, அது மனுஷனை அடிமையாக்குதுன்னுதான், அப்படிங்கற அர்த்தத்துல பேசறாரு. அடிமைங்களை எல்லாம் தென்பக்கம் இருந்த முதலாளிமார் தினமும் வேதம் சொல்லி கும்பிட்டுட்டு அடிக்கறதைப் பாத்து, அடிமைங்க கடவுளே இல்லைன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னும் சொல்றாரு. ஒரு போதகர், மேடையில நின்னு, இதைச் சொல்றதுக்கு என்ன தைரியம் வேணும்.

அப்புறம்தான் ஏ.எம்.இ. சபை, அதாவது ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையில சேந்தாரு. ரிச்சர்ட் ஆலன் 1816ல ஃபிலடெல்ஃபியாவுல அமைச்சது. வெள்ளைக்காரங்க கோயில்ல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தவங்களையே எழுப்பி இழுத்ததால வெளியேறுனவங்க கட்டுன சபை அது. வாஷிங்டன்ல இவரை ஒரு கோயிலுக்கு போதகரா போட்டப்ப உக்கார பெஞ்சு இல்ல, கோட்டைக் கழட்டி வெச்சுட்டு தச்சுக் கருவியை எடுத்து தானே பெஞ்சு செஞ்சு போட்டாரு. தச்சுப் பட்டறையில கத்துக்கிட்டது வீண் போகல.

கொட்டுச்சத்தம்:
எல்லாரும் புகழ்ந்துட்டு இருக்கீங்க, நான் ஒரு வருத்தத்தை சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தாத்தா கொட்டு அடிச்சவரு, அதனால எனக்கு இது உள்ள குத்துது.

இவர் சொந்த ஜனங்களோட பாட்டையும் ஆட்டத்தையும் அடக்கப் பாத்தவரு. ரிங் ஷவுட்னு ஒண்ணு, ஜனங்க வட்டமா நின்னு கைதட்டி காலைத் தேய்ச்சு தேய்ச்சு சுத்தி வந்து பாடுவாங்க, ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல சங்கிலி போட்டு கொண்டுவரப்பட்டவங்க கையோட எடுத்துட்டு வந்த ஒரே சொத்து அதுதான். இவர் அதை அஞ்ஞானிகளோட பழக்கம்னாரு. அவங்க பாட்டை சோளக்காட்டுப் பாட்டுன்னு எழுதுனாரு. 1870களோட கடைசியில காட்டுல நடந்த ஒரு ஜெபக் கூட்டத்துல போயி ஆட்டத்தை நிறுத்துங்கன்னு சொல்றாரு, அதை நடத்துன ஆளு, ஆவியானவர் பலவிதமா வேலை செய்வாரு, இங்க ஒரு வட்டம் அங்க ஒரு வட்டம் இருந்தாத்தான் பாவி மனந்திரும்புவான்னு பதில் சொல்றான். என்னைக் கேட்டா அந்தப் பேர் தெரியாத ஆளு சொன்னதுதான் சரி.

இன்னொண்ணு. 1871ல டென்னஸியில ஃபிஸ்க் காலேஜ் கடன்ல மூழ்கிட்டு இருந்தப்ப அதைக் காப்பாத்துனது எது? ஒரு சின்ன பாட்டுக் குழு, ஜூபிலி பாடகர்கள்னு பேரு, ஊர் ஊராப் போயி, கடல் தாண்டி இங்கிலாந்து வரைக்கும் போயி பாடி சம்பாதிச்ச பணத்துலதான் அங்க ஜூபிலி ஹால்னு கட்டடமே எழும்புச்சு. அவங்க பாடுனது அடிமைங்க வயல்ல பாடுன அதே ஆன்மிகப் பாட்டுங்கதான். படிப்புக்கு எதிரின்னு இவர் நினைச்ச பாட்டு காலேஜ் கட்டுச்சு.

திண்ணைவாசி:
கொட்டுச்சத்தம் அண்ணே, தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, நீங்க சொன்ன ஜூபிலி ஹால் விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. அந்த இடத்துல பெய்ன் சறுக்கிட்டாருன்னுதான் நானும் நினைக்கறேன்.

ஆனா அவர் எதோட மோதிட்டு இருந்தாருன்னும் பாக்கணும். அந்தக் காலத்துல அந்த சபையில நெறைய போதகருங்க மேடையிலயே, நான் காலேஜ் சுவத்துல தலையை உரசுனவன் இல்லன்னு பெருமையா சொல்வாங்க, கூட்டம் ஆமேன்னு கத்தும், நான் லத்தீன் கிரேக்கம் படிக்கலன்னு சொன்னா இன்னும் சத்தமா கத்தும். 1843ல போதகருங்க கட்டாயம் படிச்சிருக்கணும்னு வரிசையா கட்டுரை எழுதுனாரு, சபை மானத்தையே வாங்கிட்டான்னு சண்டைக்கு வந்தாங்க. 1844 பொதுச்சபையில போதகருங்களுக்கு ஒரு பாடத்திட்டம் வேணும்னு தீர்மானம் கொண்டுவந்தாரு. விவாதமே இல்லாம தோத்துப் போச்சு. மறுநாள் ஒரு மூத்தவர் எந்திரிச்சு உருக்கமா பேசவும் அப்படியே திரும்பி நிறைவேறிடுச்சு. இலக்கணம், பூகோளம், கணக்கு, பழங்கால வரலாறு, சபை வரலாறு, இதெல்லாம் படிச்சாத்தான் போதகர். இந்த ஜனங்களுக்கு யோசிக்கவே வராதுன்னு முதலாளிங்க பேப்பர்லயும் கோர்ட்லயும் எழுதிட்டு இருந்தப்ப, கோயிலுக்குள்ள கூச்சலும் ஆட்டமும் தெரிஞ்சா அதையே காட்டுவாங்கங்கற பயம் அவருக்கு. பயத்துல ஒரு நல்ல பொருளையும் சேத்து வெளிய வீசப் பாத்தாரு.

அதுக்கு அவர் விலையும் குடுத்தாரு. 1850ல பால்டிமோர்ல ஒரு சபைக்கு இவரை போதகரா அனுப்புனா, எங்களுக்கு இவர் வேணாம்னு சபையாருங்க திருப்பி அனுப்பிட்டாங்க. காரணம் என்ன தெரியுமா, வீட்டு முன்ரூம்ல கம்பளம் விரிச்சிருக்காரு, எங்ககூட உக்காந்து டீ குடிக்க மாட்டாரு, எங்க பாட்டை பாட விட மாட்டாரு. அவங்க பக்கம் பாத்தா அவங்க கோபத்துலயும் நியாயம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடிதான் அவரு மனைவி, கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துலயே, பிரசவத்துல போயிட்டாங்க, பொறந்த பெண் குழந்தையும் ஒன்பது மாசத்துல போயிடுச்சு. அந்தச் சமயத்துல ஊர் ஊரா அலைஞ்சு சபையோட பழைய பதிவேடு, கடிதம், வயசானவங்க நினைவு எல்லாம் சேத்தாரு. 1891ல வந்த அந்த சபை வரலாறு அப்படிப் பொறந்ததுதான்.

கொட்டுச்சத்தம்:
டீ குடிக்க மாட்டாருங்கறது எனக்கு புதுசு. அதுதான் பெரிய காயம். பாட்டை நிறுத்தச் சொன்னதைவிட அதுதான் வலிச்சிருக்கும். சரி, அந்த வரலாறு சேத்தது பெரிய வேலை, அதை நான் மறுக்கல.

கடலோரக்காற்று:
லிங்கனைப் பாத்தாருன்னு எங்கயோ படிச்சேன், உண்மையா?

சர்ச்தெரு:
உண்மை தம்பி. 1862 ஏப்ரல் 14 சாயங்காலம். வாஷிங்டன் நகரத்துக்குள்ள அடிமை முறையை ஒழிக்கற மசோதா காங்கிரஸ்ல பாஸாகி லிங்கன் மேசையில கிடக்குது, இன்னும் கையெழுத்து ஆகல. அப்ப இவர் பிஷப், 1852லயே ஆயாச்சு. நேரா வெள்ளை மாளிகைக்குப் போயி, கையெழுத்து போடப்போறீங்களான்னு கேக்கறாரு. போடவே கூடாதுன்னு சொல்ல ஒரு கூட்டம் வந்துச்சுன்னு லிங்கன் சொல்றாரு, போடுவேன்னும் சொல்லல மாட்டேன்னும் சொல்லல. உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டு இருக்கோம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. ரெண்டே நாள்ல, ஏப்ரல் 16, கையெழுத்து ஆச்சு. சுமார் 3,000 பேருக்கு விடுதலை. இவர் சொன்னதாலதான் போட்டாருன்னு நான் சொல்லல, மசோதா அதுக்கு முன்னாடியே அங்க வந்தாச்சு. ஆனா ஊர்ல எழுத்து சொல்லிக்குடுத்தா சவுக்கடின்னு துரத்தப்பட்ட மனுஷன் ஜனாதிபதி முன்னாடி சமமா உக்காந்து கேள்வி கேட்டிருக்காரு.

ஓஹாயோ வாசி:
இந்த இழையை லேட்டா பாத்தேன். நான் ஓஹாயோ மாநிலத்துல டேட்டன் பக்கம் இருக்கேன், பெய்ன் தலைவரா இருந்த வில்பர்ஃபோர்ஸ் காலேஜ் எங்க வீட்டுல இருந்து அரை மணி நேர டிரைவ், அதனால அந்தக் காலேஜ் கதையை நான் சொல்லியே ஆகணும்.

அந்த இடத்துக்கு பழைய பேரு டவாவா ஸ்பிரிங்ஸ், ஊற்றுத் தண்ணி இருந்ததால ஓய்வெடுக்க வர்றவங்களுக்காக ஒரு பெரிய ஹோட்டல் கட்டியிருந்தாங்க. 1856ல அதை வாங்கி கறுப்பினப் பிள்ளைங்களுக்கு காலேஜ் ஆக்குனது வெள்ளைக்கார மெதடிஸ்ட் சபை. ஆரம்பத்துல படிச்சதுல நெறைய பேரு தென் மாநில முதலாளிங்களுக்கு அடிமைப் பெண்கள்கிட்ட பொறந்த பிள்ளைங்க. வடக்கு தெற்கு மாநிலங்களுக்கு நடுவுல உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்க இருந்து பணம் வர்றது நின்னு போச்சு, 1862ல காலேஜ் மூடிட்டாங்க. 1863 மார்ச் 10 ராத்திரி, உடனே முடிவு சொல்லுங்க, வேற ஆள் வாங்க வந்திருக்குன்னு பெய்ன்கிட்ட கேக்கறாங்க. விலை 10,000 டாலர். கையில பணம் கிடையாது. ஆண்டவர் பேரால நான் வாங்கறேன்னு சொல்லிட்டாரு! அப்புறம் சபை சபையா போயி காசு சேத்தாங்க, துணி துவைச்சு சம்பாதிச்சவங்க, வண்டி ஓட்டுனவங்க குடுத்த காசு. கறுப்பினத்தவங்களே சொந்தமா வாங்கி நடத்துன காலேஜ் அமெரிக்காவுல அப்படி ஒண்ணு முன்னாடி இருந்ததில்ல.

ரெண்டு வருஷம்தான் ஆச்சு. 1865 ஏப்ரல் 14 ராத்திரி யாரோ நெருப்பு வெச்சு மெயின் கட்டடம் சாம்பல். தேதியைப் பாருங்க. லிங்கனைச் சுட்ட அதே ராத்திரி, வெள்ளை மாளிகையில அவரைப் பாத்துப் பேசி சரியா மூணு வருஷம். பெய்ன் அப்ப ஊர்லயே இல்ல, சபை வேலையா கிழக்க போயிருந்தாரு. திரும்பி வந்து மறுபடி கட்டுனாங்க. 1876 வரைக்கும் அவர்தான் தலைவர். அவர் செத்ததுக்கு அடுத்த வருஷம், 1894ல, பின்னாடி பெரிய கறுப்பின அறிஞரா பேர் வாங்குன டு பாய்ஸ் அங்க வாத்தியாரா வந்து ரெண்டு வருஷம் இருந்தாரு.

1974ல பக்கத்து ஸீனியா ஊரை அடிச்ச சூறாவளில காலேஜ் பழைய வளாகம் பெருசா சேதமாச்சு, அப்புறம் கொஞ்சம் தள்ளி புது இடத்துக்கு மாத்திட்டாங்க. பழைய இடத்துல நடந்து பாத்தேன், மழைக்காலம், மரமெல்லாம் சொட்டிட்டு இருந்துச்சு. அவர் பேருல ஒரு செமினரியும் அங்கயே இருக்கு, இன்னும் போதகருங்களைப் படிக்க வைக்குது.

நெய்தல் டீச்சர்:
நெருப்பு வெச்சது தெரியும், அதே ராத்திரின்னு தெரியாது. கை நடுங்குது. அவரு ஆளு ரொம்ப ஒல்லி, 100 பவுண்டுகூட இருக்க மாட்டாருன்னு படிச்சேன், அதாவது 45 கிலோ. எங்க எட்டாவது பசங்க வெயிட்.

சர்ச்தெரு:
அந்த உடம்போடதான் டீச்சர் 1882ல ஃபுளோரிடாவுல ரயில்ல அது நடந்துச்சு. 71 வயசு. டிக்கெட் எடுத்து உக்காந்திருந்தவரை, கறுப்பினத்தவங்க பெட்டிக்குப் போன்னு கண்டக்டர் சொல்றாரு. என் மானத்தை விட்டு அதுல போறதைவிட வண்டியை நிறுத்தி இறக்கி விடுங்கன்னாரு. நடு வழியில இறக்கி விட்டுட்டாங்க. வெயில்ல, மணல்ல, பையைத் தூக்கிட்டு ஜாக்சன்வில்லுக்கு நடந்தே திரும்பி வந்தாரு. அதுக்கு முந்தின வருஷம்தான் லண்டன்ல உலக மெதடிஸ்ட் மாநாட்டுல ஒரு அமர்வுக்கு தலைமை தாங்கிட்டு வந்திருந்தாரு.

கடலோரக்காற்று:
சார்லஸ்டனுக்கு மறுபடி போனாரா அண்ணே? அதை யாரும் சொல்லலையே.

திண்ணைவாசி:
போனாரு தம்பி. அதைக் கடைசியா சொல்லலாம்னுதான் வெச்சிருந்தேன். 1835 மே மாசம் கிளம்புனவரு 1865 மே மாசம் திரும்பறாரு, சொல்லி வெச்ச மாதிரி முப்பது வருஷம். காலேஜ் எரிஞ்சு ஒரு மாசம்தான் ஆகியிருக்கு. ஊர்ல பாதி இடிபாடு, போர்ல எரிஞ்ச வீடுங்க. தெற்கு போர்ல தோத்ததால, எழுத்து சொல்லிக்குடுத்தா சவுக்கடின்னு சொன்ன சட்டத்தை அமல்படுத்த ஆள் இல்ல. மே 15 அன்னிக்கு அங்கயே ஏ.எம்.இ. சபையோட சவுத் கரோலினா மாநாட்டை, அதாவது அந்தப் பகுதி சபைங்களோட அமைப்பை, ஆரம்பிச்சு வெச்சாரு, கொஞ்ச வருஷத்துல தென் மாநிலங்கள் பூரா லட்சக்கணக்குல ஜனங்க அந்த சபைக்குள்ள வந்தாங்க, போற இடமெல்லாம் கோயிலோட ஒரு பள்ளிக்கூடமும் சேந்தே வந்துச்சு.

இன்னொரு விஷயம். 1822ல வெசியைத் தூக்குல போட்டப்ப, அவர் போயிட்டு இருந்த சபைங்கறதால அந்த ஊர் ஏ.எம்.இ. கோயிலையும் இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டாங்க, அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் அந்த ஜனங்க மறைஞ்சு மறைஞ்சுதான் கும்பிட்டாங்க. பெய்ன் திரும்பி வந்த அதே 1865ல அந்த சபைக்கு புதுக் கோயில் எழும்புச்சு, இமானுவேல்னு பேரு வெச்சாங்க. அதுக்கு பிளான் போட்டவர் ராபர்ட் வெசி. டென்மார்க் வெசியோட மகன்.